காசில்லாமல் கேட்கிற வானொலிக்கு மாதச் சந்தா கட்டலாமா?

எடிசன்வாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சியின் எடிசனில் நாங்கள் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கர்நாடக இசை மட்டுமே ஒலித்த வீடு எங்களுடையது. மகள் பள்ளி இசைக்குழுவில் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து, அவளுக்குக் காது பழகட்டும் என்று காரிலும் சமையலறையிலும் நியூயார்க்கின் டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். நிலையத்தை, அதாவது 105.9 பண்பலையை, வைக்கத் தொடங்கினோம். இப்போது அவளைவிட நான்தான் அதிகம் கேட்கிறேன். செல்லோவுக்காக பாக் எழுதிய தனித்தொகுப்புகளில் முதலாவது தொடங்கிவிட்டால், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்க மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றை வாத்தியம் தனக்குத் தானே ஆதாரமாகவும் துணையாகவும் நின்றுகொள்வது, ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகப் படவில்லை.

இப்போது அங்கே நிதி திரட்டும் வாரம் நடக்கிறது. இரண்டு இசைத் துண்டுகளுக்கு நடுவே அறிவிப்பாளர்கள் இருவர் மாறி மாறிப் பேசி, இந்த நிலையம் நேயர்களின் நன்கொடையால்தான் நடக்கிறது, மாதம் இவ்வளவு கொடுத்து உறுப்பினராகுங்கள் என்கிறார்கள். மாதம் 10 டாலர் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவியோ, "தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டு யாராவது காசு கொடுப்பார்களா?" என்று கேட்டுவிட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதால்தான் இங்கே வந்திருக்கிறேன். நம் ஊரில் அகில இந்திய வானொலி அரசாங்கத்தின் பணத்தில் ஓடியது. நாம் யாரும் மாதச் சந்தா கட்டியதாக நினைவில்லை. இங்கே அரசாங்கம் எதுவும் கொடுப்பதில்லையா? நடுநடுவே வங்கிகளின் பெயரும் அருங்காட்சியகங்களின் பெயரும் வருகின்றனவே, அவை விளம்பரம் இல்லையென்றால் வேறென்ன? நான் கொடுக்கும் 10 டாலர் உண்மையில் இசைக்குத்தான் போகிறதா? நீண்ட காலமாகக் கேட்பவர்களும் சந்தா கட்டுபவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹட்சன்கரையோன் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். நம் ஊரிலும் வானொலிக்குப் பணம் கட்டித்தான் கேட்டோம். நீங்கள் பிறப்பதற்கு முன்போ, உங்களுக்கு நினைவு தெரியும் முன்போ அது நின்றிருக்கும். என் தகப்பனார் ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்கு வானொலி உரிமப் புத்தகத்தை எடுத்துச் சென்று, கட்டணம் கட்டி, அதற்குரிய வில்லையை ஒட்டி முத்திரை வாங்கி வருவார். புதுப்பிக்கத் தவறினால் அபராதம் உண்டு என்பதால், அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் ரேஷன் அட்டையோடு ஒரே டப்பாவில் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அந்த உரிமமுறை எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வானொலி என்றால் இலவசம் என்ற எண்ணம் படிந்துவிட்டது.

நீங்கள் கேட்கும் நிலையத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அது அறநிலையமாகப் பிறந்ததன்று. விளம்பரத்தில் ஓடிய வணிக நிலையம். ஜான் ஹோகன் என்ற பொறியாளர் நடத்திய டபிள்யூ2எக்ஸ்ஆர் என்ற சோதனை ஒலிபரப்பிலிருந்து, எலியட் சாங்கர் என்பவருடன் சேர்ந்து 1936இல் முறையான நிலையமாக அது வளர்ந்தது. பெயரில் இருக்கும் க்யூ என்ற எழுத்து, பழைய பெயரில் இருந்த 2 என்ற எண்ணின் எச்சம். 1944இல் அதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வாங்கி 65 ஆண்டுகள் வைத்திருந்தது. 2009இல் நாளிதழுக்குப் பண நெருக்கடி வந்தபோது, அதுவரை இருந்த 96.3 அலைவரிசை யூனிவிஷன் என்ற ஸ்பானிய மொழி ஊடக நிறுவனத்துக்குப் போயிற்று. அந்த நிறுவனம் 3 கோடியே 35 லட்சம் டாலரும், அதோடு தன்னிடமிருந்த 105.9ஐயும் கொடுத்தது. அந்த 105.9ஐயும் நிலையத்தின் பெயரையும் 1 கோடியே 15 லட்சம் டாலருக்கு வாங்கியது டபிள்யூ.என்.ஒய்.சி. என்ற பொது வானொலி. அது வாங்காமல் இருந்திருந்தால் நியூயார்க்கில் இருபத்து நான்கு மணி நேரமும் செவ்வியல் இசை தரும் நிலையம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்த அக்டோபர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நான் மன்ஹாட்டனில் இருந்தேன். 96.3இல் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் சொன்ன நேரத்தில் அங்கே மறைந்தது. குமிழைத் திருப்பி 105.9இல் பிடித்துக்கொண்டேன். எல்லோருக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை. இரண்டு அலைவரிசைகளும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்தே ஒலிபரப்பானாலும், பழையதன் ஆற்றல் 6,000 வாட். புதியதன் ஆற்றல் ஏறக்குறைய 600 வாட்தான். பத்தில் ஒரு பங்கு என்றால் வடக்கே வெஸ்ட்செஸ்டரிலும் கனெக்டிகட் எல்லையிலும் இருந்த பழைய நேயர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்னர் 2013இல் வெஸ்ட்செஸ்டரின் ஆசினிங் பகுதியில் 90.3 என்ற இன்னொரு அலைவரிசையைச் சேர்த்து அந்த ஓட்டையில் ஒரு பகுதியை அடைத்தார்கள். ஒரு கோபுரத்துக்கும் ஓர் உரிமத்துக்கும் எவ்வளவு செலவாகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இப்போது வங்கிப் பெயர்கள் பற்றி. வணிகம் சாராத நிலையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆதரவு தரும் நிறுவனத்தின் பெயர், இருக்கும் இடம், அது செய்யும் தொழில் ஆகியவற்றைச் சொல்லலாம். விலை சொல்லக் கூடாது, மற்றவற்றைவிடச் சிறந்தது என்று சொல்லக் கூடாது, வந்து வாங்குங்கள் என்று அழைக்கவும் கூடாது. நம் சபா மேடையில் பாடகரின் தலைக்குப் பின்னால் தொங்கும் வங்கிப் பதாகையை நினைத்துக்கொள்ளுங்கள். பதாகை தொங்கலாம், மேலாளர் மேடையேறி வைப்புநிதி வட்டி விகிதத்தைப் படிக்க முடியாது.

சபாவையே இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் உங்கள் வீட்டம்மாவின் தண்ணீர்ப் பந்தலுக்கும் பதில் சொல்லலாம். மார்கழியில் மதியக் கச்சேரிக்குச் சீட்டு இல்லாமல் போய் உட்காருகிறோம். அந்த மின்விசிறியும் ஒலிபெருக்கியும் மாலைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர்களின் பணத்திலும் உறுப்பினர் கட்டணத்திலும் ஓடுகின்றன. மதியம் மட்டும் வருபவரை யாரும் குறை சொல்வதில்லை. எல்லோரும் மதியம் மட்டும் வருபவர்களாகிவிட்டால் மாலையும் இல்லை, மதியமும் இல்லை.

மழைநகரத்தான் எழுதியது:

ஹட்சன்கரையார் சொன்னதற்குச் சியாட்டிலிலிருந்து ஓர் ஒட்டு. எங்கள் கிங் எஃப்.எம்., 98.1, இதே மாற்றத்தைத் தானாக விரும்பிச் செய்துகொண்டது. டாரத்தி புல்லிட் என்ற அம்மையார் உருவாக்கிய ஒலிபரப்பு நிறுவனத்தின் நிலையம் அது. அவருடைய மகள்கள் 1990களில் அந்த நிறுவனத்தை விற்றபோது இந்த நிலையத்தை விற்காமல், லாபம் நகரின் சிம்பொனிக் குழுவுக்கும் ஓபராவுக்கும் கலைகளுக்கான நிதியமைப்பு ஒன்றுக்கும் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். அதாவது, விளம்பரத்தில் சம்பாதித்து இசைக்குக் கொடுத்த வானொலி! விளம்பர வருமானம் தேய்ந்துகொண்டே வந்ததால், 2011 மே மாதம் விளம்பரத்தை அடியோடு நிறுத்திவிட்டு நேயர்களிடம் கையேந்தத் தொடங்கியது.

நான் இரண்டு காலத்திலும் கேட்டவன். முன்பு ஒரு சிம்பொனியின் மெதுவான இரண்டாம் பகுதி முடிந்த கையோடு மெத்தை விற்பவரின் குரல் வந்து காதில் அறையும். இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாக ஆண்டில் சில வாரங்கள் கெஞ்சல் உண்டு. எது மேல் என்று கேட்டால் கெஞ்சல்தான் மேல் என்பேன், ஏனென்றால் அதற்கு முடிவுத் தேதி இருக்கிறது.

நேயரே சந்தா கட்டி வானொலி நடத்துவது என்ற எண்ணம் எங்கள் மேற்குக் கரையில்தான் முதலில் வேரூன்றியது. 1949இல் பெர்க்லியில் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தைத் தொடங்கிய லூயிஸ் ஹில், கேட்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் பணம் கொடுத்தால் போதும், நிலையம் நடக்கும் என்று கணக்கிட்டார். அது இசைக்கு மட்டுமான நிலையம் இல்லை. உரையும் விவாதமும் நாடகமும் கலந்தது. மறு ஆண்டே பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. கேட்டவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் 1951இல் மீண்டும் எழுந்தது. அந்த நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் எனக்குப் பிடித்தது, மீதி தொண்ணூற்றெட்டுப் பேரை அது திட்டுவதில்லை என்பதே. அவர்கள் கேட்பதற்காகத்தான் இந்த இரண்டு பேர் கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் ஒன்று: உங்கள் அலுவலகம் ஊழியர்களின் நன்கொடைக்கு ஈடாகத் தானும் அதே தொகையைக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். இங்குள்ள பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கின்றன. நம்மவர்கள் அந்தப் படிவத்தை நிரப்பச் சோம்பல்பட்டு விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் சுந்தரி எழுதியது:

லண்டனிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. எல்லோரும் சந்தாவைப் புகழ்வதால் நான் கட்டாயக் கட்டணத்துக்காகப் பேசுகிறேன். இங்கே பி.பி.சி.யின் மூன்றாம் வானொலி, 1946இல் மூன்றாம் நிகழ்ச்சி என்ற பெயரில் தொடங்கியதன் வாரிசு. வானொலிக்கென்று தனி உரிமம் 1971 முதல் கிடையாது. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில்தான் அதுவும் நடக்கிறது. கெஞ்சல் இல்லை, வங்கிப் பெயர் இல்லை, சந்தா கட்டியவருக்குப் பரிசாகத் துணிப்பை இல்லை. அதன் பலன் என்னவென்றால், யாருக்கும் பிடிக்காத இசையையும் அவர்களால் ஒலிபரப்ப முடிகிறது. நேற்று எழுதி முடித்த, மெட்டு என்று எதுவும் பிடிபடாத ஒரு நால்வர் இசையை இரவு பத்து மணிக்கு முழுசாகப் போடுவார்கள். சந்தாவை நம்பும் நிலையம் அதைச் செய்யத் தயங்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடிக்காது. அமெரிக்காவில் தங்கியிருந்த ஓராண்டில் நான் கேட்ட ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், விவால்டியின் நான்கு பருவங்கள் தொகுப்பில் வசந்தம் மட்டும் வாரத்துக்கு மூன்று முறை வந்தது. கோடையும் குளிரும் வந்த நினைவே இல்லை.

ஆனாலும் எங்கள் முறையில் உள்ள ஊனத்தையும் மறைக்க மாட்டேன். 1924 முதல் இருந்துவரும் பி.பி.சி. பாடகர் குழுவை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். இசைக் கலைஞர்களும் நேயர்களும் எழுப்பிய கூச்சலில் அதே மாதத்தில் அந்த முடிவை நிறுத்திவைத்தார்கள். எங்களால் கூச்சல் போட முடிந்தது, அவ்வளவுதான். கட்டணத்தை நிறுத்திக் கண்டிக்க வழியில்லை. நிறுத்தினால் எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் நேரடி ஒளிபரப்பையும் பார்க்க முடியாது. எடிசன்வாசி தம்பிக்கு அந்த உரிமையாவது இருக்கிறது.

கணக்கர் எழுதியது:

பணம் எங்கே போகிறது என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். என் தொழில் அதுவே என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். தனி அமைப்பு இல்லை. செய்தியும் பேச்சும் தரும் டபிள்யூ.என்.ஒய்.சி., கோதமிஸ்ட் என்ற செய்தித்தளம் ஆகியவற்றோடு சேர்ந்து அது நியூயார்க் பொது வானொலி என்ற ஒரே லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. ஆகவே "இசைக்குத்தான் போகிறதா" என்பதற்கு, ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் கல்லாவில் விழுகிறது என்பதே நேர்மையான பதில். இத்தகைய அமைப்புகள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990ஆம் படிவம் பொது ஆவணம். வரவு, செலவு, உயர் அதிகாரிகளின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். பணம் கொடுக்குமுன் ஒரு முறை படியுங்கள். சம்பளப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

செலவில் இசைக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் கோபுரம் வழியாக ஒலிபரப்பினால் இசையமைப்பாளரின் உரிமைக்குத்தான் பணம் கட்ட வேண்டும், வாசித்தவருக்குக் கிடையாது. அதே இசைத்தட்டை இணையம் வழியாக அனுப்பினால் வாசித்தவருக்கும் கட்ட வேண்டும். ஆகவே நீங்கள் காரில் கேட்பதும் கைபேசியில் கேட்பதும் நிலையத்துக்கு ஒரே செலவு இல்லை.

அரசாங்கப் பணம் பற்றி: 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொது ஒலிபரப்புக் கழகம் வழியாக மத்திய அரசு நிலையங்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவந்தது. பெருநகர நிலையங்களின் வரவில் அது சிறு பகுதி. சிற்றூர் நிலையங்கள் சிலவற்றுக்கு அதுவே முதுகெலும்பு. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கான ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. இசைக்கான உரிமக் கட்டணத்தை எல்லா நிலையங்களுக்கும் சேர்த்துப் பேசி முடித்துக் கொடுத்ததும் அந்தக் கழகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. இந்த ஆண்டுகளில் கெஞ்சல் கூடுதலாகக் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

வரி: நன்கொடைக்குப் பதிலாக மதிப்புள்ள பரிசு ஏதாவது வாங்கினால், அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரிச்சலுகை. 2026ஆம் ஆண்டு முதல், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான கழிவு எடுப்பவர்களும் ரொக்க நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதியாகக் கணக்குக் கொடுத்தால் 2,000 டாலர் வரை, கழித்துக்கொள்ளலாம். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தானாகக் கழியும் முறையில் சேர்ந்தால், நிறுத்துவது எப்படி என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வேறொரு ஊரில் வேறொரு நிலையத்துக்குக் கொடுத்துவந்த நான், வீடு மாறிய பிறகும் பதினோரு மாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன்; தவறு பாதி என்னுடையது.

சுந்தரி அம்மாவின் விவால்டி குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு முடிவில் இந்த நியூயார்க் நிலையம் நேயர்களின் வாக்கெடுப்பு நடத்தி, பிடித்த இசையைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி ஒலிபரப்புகிறது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி உச்சியில் வந்து நிற்பது வழக்கம். கேட்பவர்களிடம் கேட்டால் தெரிந்ததைத்தான் கேட்பார்கள். நம் கச்சேரியில் துக்கடாவுக்குச் சீட்டு எழுதி அனுப்புபவர்கள் எல்லோரும் ஒரே நான்கு பாட்டைக் கேட்பதில்லையா?

ஹட்சன்கரையோன் எழுதியது:

கணக்கர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பணம் கொடுப்பவர்கள் சொல்வதை நிர்வாகம் கேட்டுவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். டபிள்யூ.என்.ஒய்.சி. 1924 முதல் நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது. நகரம் அதை விட்டுவிட முடிவுசெய்தபோது, அதற்கான அறக்கட்டளை ஆறு ஆண்டுத் தவணையில் 2 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பண்பலைக் கோபுரம் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் இருந்து, 2001 செப்டம்பரில் அதோடு போயிற்று. அடுத்த ஆண்டு பகல் நேரச் செவ்வியல் இசையைப் பெருமளவு குறைத்துப் பேச்சு நிகழ்ச்சிகளை வைத்தார்கள். இசைக்காகவே சந்தா கட்டிவந்தவர்கள் கடிதம் எழுதினார்கள், சந்தாவை நிறுத்தினார்கள், முடிவு மாறவில்லை. அதே அமைப்புதான் ஏழு ஆண்டுகள் கழித்து இசை நிலையத்தைக் காப்பாற்றியது. இதில் யார் நல்லவர் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

புரவலர் ஒருவரையே நம்புவதிலும் ஆபத்து உண்டு. மெட்ரோபாலிட்டன் ஓபராவின் சனிக்கிழமை ஒலிபரப்பை 1940 முதல் டெக்சாகோ எண்ணெய் நிறுவனம் ஒன்றே தாங்கிவந்தது. 2004இல் அது விலகியபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் சனிக்கிழமை மதியம் வானொலி முன் உட்கார்ந்த கூட்டம் திகைத்துப்போயிற்று. அறக்கட்டளைகளின் பெருந்தொகையோடு நேயர்கள் அனுப்பிய சிறு தொகைகளும் சேர்ந்துதான் இடைவெளியைக் கடக்க உதவின.

மகள் செல்லோ வாசிக்கிறாள் என்றீர்கள். ஆகவே இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014இல் இந்த நிலையம் நேயர்களிடம் பணத்துக்குப் பதிலாக, வீட்டில் சும்மா கிடக்கும் வாத்தியங்களைக் கேட்டது. நகரின் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுப்பதற்காக. அதைக் கேட்டு ஜோசப் ஃபைங்கோல்ட் என்ற தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர் தன் வயலினைக் கொண்டுபோய்க் கொடுத்தார். போலந்து யூதர், போரில் சைபீரியத் தொழில் முகாமில் அடைபட்டிருந்தவர். போருக்குப் பின் 1947இல் ஜெர்மனியில், அகதியாக இருந்த நாள்களில், ஒரு பெட்டி சிகரெட்டைக் கொடுத்து அந்த வயலினை வாங்கியிருந்தார். அது பிராங்க்ஸில் ஒரு பெண்கள் பள்ளி மாணவியின் கைக்குப் போயிற்று. அவள் அவருக்கே அதை வாசித்துக் காட்டினாள். அந்தக் கதை குறும்படமாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

எடிசன்வாசி எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மனைவியிடம் சபா உவமையைப் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் ஐந்து டாலர் கொடுங்கள், ஐந்து டாலருக்கு மதியக் கச்சேரிக்காரராக இருங்கள்" என்று பேரம் பேசி முடித்தார். கணக்கர் ஐயா சொன்னபடி 990ஆம் படிவத்தைத் திறந்து சம்பளப் பக்கத்தையும் பார்த்தேன். பார்த்த பிறகும் சேர்ந்தேன். அலுவலகம் ஈடுதொகை கொடுக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது, ஆகவே கடைசியில் கணக்கு பத்தாகிவிடுகிறது. துணிப்பை வேண்டாம் என்று குறித்துவிட்டேன். ஓக் ட்ரீ சாலையில் காய்கறி வாங்க ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பைகளே வீடு நிறைய இருக்கின்றன.

ஒன்று மட்டும் மீதி. மகள் முழு அளவு செல்லோவுக்கு மாறிவிட்டாள். நாங்கள் விலைக்கு வாங்கிய அரை அளவு செல்லோ துணி அலமாரிக்குள் நிற்கிறது. நிலையத்தின் வாத்தியத் திரட்டல் இப்போதும் நடக்கிறதா?

ஹட்சன்கரையோன் எழுதியது:

நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். அதற்கு முன்பு மகளுடைய பள்ளியின் இசை ஆசிரியரிடம் பேசுங்கள்; அரை அளவு செல்லோவுக்குக் காத்திருக்கும் பிள்ளை அவருடைய பட்டியலிலேயே இருக்கக்கூடும். கொடுக்குமுன் தந்திகளையும் வில்லின் மயிரையும் மாற்றிக் கொடுங்கள்.